அணி நீங்கிய அரங்கமும் தோட்டத் திடல்களும்

2025-ஆம் ஆண்டில் நிதி நெருக்கடி காரணமாகப் பேராக் காற்பந்துக் கழகம் மலேசிய சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. 1965-இல் திறக்கப்பட்ட ஈப்போ பேராக் அரங்கம் தன் முதன்மை அணியை இழந்தது. இனி இவ்வரங்கம் எதற்கு என்னும் வினாவை நகர நிர்வாகத்திற்குரியதாக மட்டும் கருதுதல் போதாது. தோட்டத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர்க்கும் அதில் பங்குண்டு என்பது நம் கருத்து.

பேராக்கின் காற்பந்து மரபு இவ்வரங்கத்தினும் மூத்தது. பின்னாளில் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்ற போட்டி 1921-இல் தொடங்கியது. 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் அக்கிண்ணத்தை வழங்கினர். அக்கப்பலோ பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்டது. ஈயமும் ரப்பரும் அம்மாநிலங்களின் செல்வம். எனவே, பால்மரம் சீவியோரின் உழைப்பும் அக்கிண்ணத்தின் முன்கதையில் கலந்துள்ளது எனல் மிகையன்று. பேராக் அதனை முதன்முதல் 1926-இல் வென்றது. கடைசியாக வென்றது 2018-இல்.

விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பால் நிறுத்துத் திரும்பிய தொழிலாளர்க்கு மாலைப்பொழுது மட்டுமே சொந்தம். கோயிலும் பள்ளியும் போலவே திடலும் அப்பொழுதிற்கு உரிய இடமாயிற்று. ஆயின், ஈப்போவில் அரங்கம் எழுந்த 1960-களே தோட்டத் துண்டாடல் நிகழ்ந்த காலமும் ஆகும். அதனை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சங்கம் வாங்கிக் காத்த தோட்டங்கள் சிலவே. பின்னர்ச் செம்பனை வந்தது. மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். திடல்கள் பல சுவடின்றி மறைந்தன.

கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. முதன்மைப் போட்டிகள் ஷா ஆலமுக்கும் புக்கிட் ஜாலிலுக்கும் சென்றபின், அது 1957-ஆம் ஆண்டு வடிவிற்கே மீட்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதைப் பெற்றது. விடுதலை அறிவிக்கப்பட்ட இடம் என்னும் சிறப்பு அதற்குத் துணைநின்றது. ஈப்போ அரங்கத்திற்கு அத்தகைய சிறப்பு இல்லை. அங்கு ஆடியோரும் அமர்ந்து பார்த்தோருமே அதற்குச் சான்று.

ஆதலின் அரங்கத்தின் ஒரு பகுதியேனும் மாநிலக் காற்பந்து ஆவணக்கூடமாக வேண்டும். அதில் தோட்ட அணிகளும் இடம்பெற வேண்டும் என முன்மொழிகிறோம். சான்றுகளைத் தேடுவது தமிழாசிரியர் கையில் உள்ளது. நகர்ப்புறம் இடம்பெயர்ந்தும் தோட்டப் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் அலமாரிகளில் கிடக்கும் ஆண்டு மலர்களிலிருந்தும் பழைய குழுப்படங்களிலிருந்தும் தொடங்கலாம்.