ஹோம்ஸ்டே (கிள்ளான் பள்ளத்தாக்கு)

பயணியர் கட்டணம் செலுத்தி ஒரு குடும்பத்தின் வீட்டிலேயே தங்கி, அவர்களோடு உண்டு பழகும் முறை ஹோம்ஸ்டே எனப்படும். நாள் வாடகைக்கு விடும் எந்த வீட்டையும் மலேசியத் தமிழர் இப்பெயரால் குறித்தாலும், வீட்டுக்காரர் உடனிருந்து உபசரிப்பதே இதன் இலக்கணம். ஜப்பானில் குடும்பங்கள் நடத்தும் மின்ஷுக்கு விடுதிகள் இதற்கு நெருங்கியவை.

முன்னோடிகள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஊர்விட்டு வந்தவர்க்கு இடங்கொடுக்கும் வழக்கத்தை ஒழுங்குபட நடத்தியவர்கள் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள். கோலாலம்பூர் அம்பாங் தெருவில், இன்றைய லெபோ அம்பாங்கில், அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி நீளவாக்கில் அமைந்த கடைவீடு. உள்ளே ஒவ்வொரு விலாசத்துக்கும் (வட்டிக்கடை நிறுவனத்துக்கும்) ஒரு பாய் விரிக்கும் அளவு இடம், சிறு சாய்வுமேசை, ஒரு பெட்டகம். பகலில் அதுவே வட்டிக்கடை, இரவில் படுக்கை. சமையல்காரர் எல்லார்க்கும் பொதுவாகச் சமைப்பார், செலவைப் பங்கிட்டுக்கொள்வர். மூன்றாண்டுக் கணக்குக்கு வந்த முகவரான மேலாளும் உதவியாளரான அடுத்தாளும் எடுபிடியான பெட்டியடிப் பையனும் ஒரே கூரையின் கீழ் காலம் கழித்தனர். குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டுவந்த ஆண்களின் உலகம் அது. புதிதாய் இறங்கியவருக்கு இடம், சாப்பாடு, தொழில் நிலவரம் மூன்றும் அங்கே கிடைத்தன. இதைவிட நல்ல வரவேற்பறை அன்றைய கோலாலம்பூரில் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் எல்லாருக்கும் இந்த வரவேற்பு வாய்க்கவில்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று வந்த 'ரஜூலா' கப்பல் 1926இல் ஓடத் தொடங்கியது. செட்டியார் இறங்கினால் கிட்டங்கி இருந்தது. மேல்தளத்தில் வந்த தோட்டத் தொழிலாளருக்கோ துறைமுகத் தனிமை முகாமே மலாயாவின் முதல் தங்குமிடம். 1938இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை இந்நிலை நீடித்தது. கிட்டங்கியைப் புகழ்வோர் இதைச் சொல்வதில்லை.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழர் நடத்தியது சம்மரி என்னும் கூட்டு வீடு. இலங்கைப் பொதுப்பணித் துறையில் இருந்துவந்த சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் 1901இல் மலாய் ஐக்கிய மாநில ரயில்வேயின் பொது மேலாளரானார். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர் அவர் காலத்தில் ரயில்வேயில் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் வந்து சேர்ந்தனர். மணமாகாதவர் சிலர் கூடி வீடெடுத்து, சமையலுக்கு ஆள் வைத்து வாழ்ந்தனர். ஊரிலிருந்து வரும் தம்பிக்கோ மருமகனுக்கோ வேலை கிடைக்கும்வரை அங்கே ஒரு பாய் விரிக்கப்படும்; அதற்கு வாடகை கேட்கும் வழக்கமில்லை. 1902இல் தோன்றிய ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் இவர்களை ஒன்றுசேர்த்தது. மணமானவர் குடும்பத்தோடு தனி வீடு பார்க்கவே சம்மரிகள் மெல்ல மறைந்தன.

அரசுத் திட்டம்

இன்றைய பொருளில் ஹோம்ஸ்டே 1970களில் பஹாங்கின் செராத்திங் கிராமத்தில் தொடங்கியது. அலைந்து திரிந்த வெளிநாட்டு இளைஞருக்கு அங்கே ஒரு மலாய்ப் பெண்மணி தம் வீட்டில் படுக்கையும் காலை, இரவு உணவும் கொடுத்தார். 1980களின் இறுதியில் மாணவர் பரிமாற்றத்தில் வந்த ஜப்பானிய இளைஞர் வளர்ப்புக் குடும்பங்களோடு கிராமங்களில் தங்கினர். 1995இல் பஹாங், தெமர்லோவின் தேசா முர்னியில் அரசு இதைத் திட்டமாக அறிவித்தது. சிலாங்கூரில் சிப்பாங்கின் பாங்ஹூரிஸ் இவ்வகையில் அறியப்பட்டது. பயிற்சி பெற்ற வீட்டுக்காரர், தனிப் படுக்கையறை, சுத்தமான கழிப்பறை ஆகியவை பதிவுக்கு வேண்டும். பதிவான வீடுகள் பெரும்பாலும் மலாய்க் கிராமங்களில் உள்ளன. தமிழர் வாழ்ந்த தோட்டத்து லயன் வரிசை வீடுகளில் விருந்தாளிக்கென ஒதுக்க அறை ஏது?

பூச்சோங்

ரப்பர்த் தோட்டமும் ஈயக் குட்டையுமாக இருந்த பூச்சோங் 1990களில் வீடமைப்புப் பகுதியாகப் பெருகியது. 2016இல் எல்ஆர்டி ரயிலும் வந்தது. கல்யாணத்துக்கும் தைப்பூசத்துக்கும் ஈப்போவிலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ வரும் உறவினர் அடுக்குமாடி வீடுகளை நாள் வாடகைக்கு எடுக்கின்றனர். சாவி பெட்டியில் இருக்கும், வீட்டுக்காரர் இருப்பதில்லை. 2017இல் வந்த சுற்றுலா வரியிலிருந்து பதிவான ஹோம்ஸ்டேகளுக்கு விலக்கு உண்டு. மோன்ட் கியாராவிலுள்ள ஒரு குடியிருப்பு வழக்கில் 2020இல் கூட்டரசு நீதிமன்றம், குறுகியகால வாடகையைத் தடுக்க அடுக்குமாடி நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு எனத் தீர்ப்பளித்தது. ஜப்பானில் 2018 முதல் நடப்பில் உள்ள சட்டம் இத்தகைய வீடுகளை ஆண்டுக்கு 180 நாள் மட்டுமே வாடகைக்கு விட அனுமதிக்கிறது.