பதினேழு மாதம் காத்திருந்த மசோதா

தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் கல்வி மசோதாவைக் கேரள சட்டப்பேரவை நிறைவேற்றியது 1957 செப்டம்பர் 2 அன்று; அது சட்டமானது 1959 பிப்ரவரியில். பேரவையில் ஓட்டெடுப்பு முடிந்தால் மசோதாவின் கதையும் முடிந்தது என்றே நாம் எண்ணுகிறோம். அரசியலமைப்பின் 200ஆவது பிரிவோ அதற்குப் பிறகும் ஒரு வாசலை வைத்திருக்கிறது. அங்கே ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், பேரவைக்கே திருப்பலாம், குடியரசுத் தலைவரின் முடிவுக்கு ஒதுக்கலாம். ஆளுநர் ராமகிருஷ்ண ராவ் ஒதுக்கினார். குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் 143ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார்.

மக்கள் தேர்ந்தெடுத்த பேரவையின் முடிவை டெல்லி இப்படி இழுத்தடித்தது கூட்டாட்சிக்கு இழுக்கு என்ற வாதம் அன்றே எழுந்தது. அதில் நியாயம் உண்டு. மேலாளரின் தயவில் பிழைத்த தனியார் பள்ளி ஆசிரியருக்கு ஒவ்வொரு மாதத் தாமதமும் இழப்புதான். ஆனாலும் இந்தத் தாமதத்தை வெறும் முட்டுக்கட்டை என்று நான் ஒதுக்கமாட்டேன். ஏனெனில் அது காரணம் சொன்ன தாமதம். தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு 1958 மே 22 அன்று தந்த கருத்து, மசோதாவைப் பிரிவு பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. ஆசிரியர் சம்பளத்தை அரசே வழங்குவதும் (பிரிவு 9), அரசுத் தேர்வாணையப் பட்டியலிலிருந்து ஆசிரியரை எடுப்பதும் (பிரிவு 11) சிறுபான்மையினர் தங்கள் பள்ளிகளை நிர்வகிக்கும் உரிமையின் விளிம்பைத் தொடுகின்றன. ஆனாலும் செல்லும் என்றது. நிர்வகிக்கும் உரிமை, சீர்கெட நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்றும் விளக்கியது. பள்ளி நிர்வாகத்தையே அரசு எடுத்துக்கொள்ளும் 14, 15 பிரிவுகளோ உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளிகளைப் பொறுத்தவரை செல்லாது. தொடக்க வகுப்புகளில் கட்டணத்தைத் தடுத்த 20ஆவது பிரிவிலும் பெரும்பான்மை நீதிபதிகள் குறை கண்டனர். தமிழரான நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர் அந்த ஒன்றில் மாறுபட்டார். எது நிற்கும், எது விழும், ஏன் என்பது எழுத்தில் வந்ததால் பேரவையால் பதில் சொல்ல முடிந்தது. மசோதாவைத் திருத்தி மீண்டும் நிறைவேற்றியது. வாய் திறக்காமல் கோப்பைப் பூட்டிவைத்திருந்தால் இந்தப் பதிலுக்கே இடமில்லை.

இத்தனை சலித்தும் என்ன பயன், 1959 ஜூனில் அதை எதிர்த்துப் போராட்டம் வெடித்து ஜூலை 31 அன்று மசோதாவைக் கொண்டுவந்த அரசே கலைக்கப்பட்டதே என்று கேட்கலாம். கலைப்பு பெரும் அநீதி என்பதே என் கருத்து. பேரவையில் பெரும்பான்மை இழக்காத அரசை அரசியலமைப்பின் 356ஆவது பிரிவு வீழ்த்தியது. ஆனால் அரசு விழுந்தபோது சட்டம் விழவில்லை. 1960இல் வந்த பட்டம் தாணு பிள்ளையின் கூட்டணி அரசுக்குத் தேர்வாணையப் பட்டியல் பிடிக்கவில்லை. அதை நீக்கப் பேரவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. 11ஆவது பிரிவு அப்படித்தான் மாறியது. அரசுச் சம்பளம் தந்த 9ஆவது பிரிவு நிலைத்தது.