தீட்டும் தொற்றும்

வாயிற்படியில் ஒரு கொத்து வேப்பிலை செருகப்பட்டால் போதும். அந்த வீட்டுப் பிள்ளை இனிச் சில வாரம் பள்ளிக்கு வாராது என்பதை ஊரே அறிந்துகொள்ளும். கீழ்ப்பழனி மலையடிவாரத்தை அண்டிய சேவுகம்பட்டியாயினும் சரி, கோட்டை மாரியம்மன் கொலுவிருக்கும் திண்டுக்கல் நகராயினும் சரி, பெரியம்மை நம் நாட்டை ஆட்டிப் படைத்த நாள்களில் இதுவே வழக்கம். காய்ச்சல் என்று சொல்லக் கூடாது, நோய் என்று சொல்லக் கூடாது. 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்றே சொல்லவேண்டும். மாற்றிச் சொன்னால் அவள் சினந்துகொள்வாளாம்!

அந்த வேப்பிலைக்கு நாம் ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும். பக்தியின் பெயரால் கட்டப்பட்டதேனும், 'அயலார் உள்ளே வாராதீர்' என்ற அறிவிப்புப் பலகையாக அது பயன்பட்டது. ஆனால் அதன் ஆற்றல் அந்த வாயிற்படியோடு முடிந்துவிட்டது. அண்ணன் அம்மை கண்டு பாயில் கிடப்பான். தம்பி சிலேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போவான். நோய்க்கிருமி உடலுக்குள் புகுந்து ஏறத்தாழ பன்னிரண்டு நாள் வெளியே தலை காட்டாது. தம்பிக்குக் காய்ச்சல் தொடங்கி முத்து அரும்பும்போதோ, அவன் மூச்சுக்காற்றும் எச்சில் துளியும் பக்கத்தில் நெருங்கி அமர்ந்திருந்தவர்களைத் தீண்டியிருக்கும். தடுப்பு இல்லாதவர்க்குக் கொடிய பெரியம்மை கண்டால் பத்துப் பேரில் மூவர் மடிந்தனர். பிழைத்தோரிற் பலர் முகத்தில் தழும்பையும், சிலர் இருண்ட கண்களையும் சுமந்து வாழ்ந்தனர்.

பள்ளிக்கூடத்தில் யார் எங்கே அமர்வது, யார் எதைத் தொடுவது என்பதற்கு நம் நாட்டில் விதிகளே இல்லாமலிருந்தனவா? இருந்தன. அளவுக்கு மீறியே இருந்தன! ஆனால் அவை கிருமியைத் தடுக்க எழுந்தவை அல்ல. மனிதனைத் தடுக்க எழுந்தவை.

ஈரோட்டில் சிறுவராயிருந்த பெரியார், தம் ஆசிரியர் வீட்டில் தண்ணீர் கேட்டபோது, குவளையை வாயில் வைக்காமல் தூக்கிக் குடிக்கச் சொன்னார்கள். குடித்து முடித்துக் கீழே வைத்த குவளையின் மேல் நீர் ஊற்றிக் கழுவிய பின்னரே அந்த வீட்டார் அதைக் கையால் எடுத்தார்கள். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மராட்டிய நாட்டில் அம்பேத்கர் என்ற சிறுவன் பட்ட பாடு இதைவிடக் கொடிது. பள்ளியின் தண்ணீர்க் குழாயை அவன் தொடக் கூடாது. ஏவலாள் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம். ஏவலாள் வராத நாளில் வறண்ட தொண்டையோடு வீடு திரும்பவேண்டும்.

1884இல் இராபர்ட் கோக் கல்கத்தாவில் குளத்து நீரை ஆய்ந்து, பேதிக்குக் காரணமான நுண்ணுயிர் அந்த நீரிலே இருப்பதைக் காட்டினார். அந்த நுண்ணுயிருக்குக் குலமும் தெரியாது, கோத்திரமும் தெரியாது. உயர்சாதிப் பிள்ளைகளுக்கென ஒரு பானை, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென ஒரு பானை என இரண்டு வைத்தார்களே, அந்த இரண்டையும் மூடி வைத்தார்களா? கொதிக்க வைத்த நீரை ஊற்றினார்களா? நீண்ட பிடியுள்ள அகப்பையை இட்டு, கை நீரில் படாமல் மொள்ளச் செய்தார்களா? இல்லை. தீட்டைக் காத்தார்கள், தொற்றைக் காக்கவில்லை. தூய்மையைப் பற்றி இத்தனை பேசிய ஒரு சமுதாயம், அழுக்கு எது என்பதிலேயே இப்படித் தடுமாறியதை வேறெங்கும் காண்பது அரிது.

அம்மைப்பால் நம் நாட்டுக்கு வந்த வரலாறும் இதையே காட்டுகிறது. ஜென்னர் 1796இல் மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் வழியைக் கண்டார். 1802இல் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை அன்னா டஸ்தாலுக்கு அது முதன்முதலாகக் குத்தப்பட்டது. அக்காலத்தில் புட்டியில் அடைத்து அனுப்பும் முறை இல்லை. ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து, அடுத்த குழந்தையின் கையில் கீறி ஏற்றுவார்கள். கையிலிருந்து கைக்கு, ஊரிலிருந்து ஊருக்கு அது நடந்து வந்தது. வைதிகர் வெகுண்டனர். ஊசி வலிக்குமே என்பதோடு நிற்கவில்லை அவர்கள் அச்சம். 'எந்தச் சாதிப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்தது?' என்பதே பெரிய கேள்வியாயிற்று. பிள்ளையின் உயிரைக் காக்க வந்த நீர், பிள்ளையின் சாதியைக் கெடுத்துவிடுமாம்!

இங்கே எல்லிசு துரையை நாம் நினைக்கவேண்டியிருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியின் வயிற்றில் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே எழுதிக்காட்டிய பிரான்சிசு எல்லிசுதான் அவர். திருவள்ளுவரைப் போற்றியவர். சென்னையின் கலெக்டராயிருந்த அவருக்கு, மக்கள் அம்மைப்பாலை ஏற்க மறுத்தது பெருங்கவலை அளித்தது. என்ன செய்தார்? அம்மைப்பாலைப் போற்றி வடமொழியில் ஒரு செய்யுள் இயற்றிப் பழந்தாளில் எழுதச் செய்து, பழஞ்சுவடியில் கண்டெடுத்தது போல வழங்கவிட்டார் என்றொரு குறிப்பு அந்நாளைய எழுத்தில் உண்டு. தமிழிலும், தன்வந்திரியும் தேவியும் உரையாடுவது போன்ற கதையொன்றை அமைத்தார். பசுவின் மடி வழியே தேவி அருளிய கொடையே அம்மைப்பால் என்பது அதன் சாரம்.

நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெய்யைச் சொல்லப் பொய்யைத் துணைக்கழைத்த செயல் அது. ஒரு நாட்டின் பிள்ளைகள் பிழைக்க வேண்டுமானால் அந்நாட்டாருக்குப் புராணமொன்றைப் புனைந்து கொடுத்தே தீரவேண்டும் என்ற முடிவுக்குத் தமிழறிந்த ஒரு வெள்ளையர் வந்தார் என்றால், அந்த வெட்கம் அவரைச் சேருமா, நம்மைச் சேருமா? 1819இல் இராமநாதபுரத்தில் அவர் மறைந்தார். அவர் புனைந்த கதை அம்மையை ஓட்டவில்லை. 1899இல் கிண்டியில் தொடங்கிய கிங் நிலையம் கன்றின் தோலிலே அம்மைப்பாலை வளர்த்து அனுப்பத் தொடங்கிய பின், 'எவன் கை நீர்' என்ற கேள்விக்கு வேலை குறைந்தது. ஆயினும் அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் பள்ளிச் சுவரேறிக் குதித்த சிறுவர்கள் குதித்துக்கொண்டுதான் இருந்தனர். திருகி அறுக்கும் அந்தக் கருவியின் வலி அப்படி!

நோயாளியைத் தொட அஞ்சாத ஆசிரியர்களும் இந்த வரலாற்றிலே உண்டு. 1897இல் புனே நகரைப் பிளேக் சூறையாடியபோது, பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் பள்ளி திறந்து அதற்காகச் சாணியடி பட்ட சாவித்திரிபாய் பூலே, நோய் கண்ட ஒரு சிறுவனைத் தம் முதுகில் சுமந்து, தம் மகன் யசுவந்தின் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசென்றார். தீண்டத்தகாதவன் என்று ஊர் ஒதுக்கிய குலத்துப் பிள்ளை அவன். அந்த நோய் அவரைப் பற்றியது. அவ்வாண்டு மார்ச்சு 10ஆம் நாள் மறைந்தார். தீட்டு என்ற பொய்க்கு அவர் அஞ்சவில்லை. தொற்று என்ற மெய்யை அறிந்தும் பின்வாங்கவில்லை.

தென்னாட்டில் இந்தப் பொய் வேலி பிடுங்கப்பட்டது சுயமரியாதை இயக்கத்தால் என்று நாம் சொன்னால் மிகையென்பார் உண்டு. சேவுகம்பட்டிக்குப் பக்கத்து ஊரான பட்டிவீரன்பட்டியைக் கேட்கட்டும். அங்கே பிறந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டின் தலைவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். பேருந்துக்கும் பள்ளி நலத்துக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். ஒரே பலகையில் நெருங்கி அமர மக்கள் பழகிய பிறகுதான், ஒரே பலகையில் அமர்ந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே பாதுகாப்பு வேண்டும் என்ற எண்ணமே பிறக்க முடியும்.

1920இல், சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளிக்க முடிவு செய்தது. தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. பசித்த வயிறு நோய்க்குத் திறந்த கதவு. அதை அடைக்க வழி தேடிய முதல் முயற்சிகளில் அதுவொன்று. பின்னர் 1956இல் காமராசர் காலத்திலும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் அது நாடெங்கும் விரிந்த கதையை நாம் விரிக்கப் போவதில்லை.

சட்டமும் வந்தது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் இத்துறையில் இயற்றப்பட்ட முதல் முழுமையான சட்டமென்று பெயர் பெற்றது. தொற்றுநோய் கண்ட சிறாரைப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்ற விதியும் அதில் இடம்பெற்றது. அதை இயற்றியது ஆச்சாரியாரின் அமைச்சரவை. அந்தப் பெருமையை நாம் அவரிடமிருந்து பறிக்க விரும்பவில்லை. ஆனால் அதே ஆச்சாரியார், 1955இல், பிள்ளைகளுக்குக் காசநோய்த் தடுப்பான பி.சி.ஜி. குத்தும் பேரியக்கம் நடந்தபோது எதிர்த்து அறிக்கையும் நூலும் வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை நேரப் படிப்புப் போதும், மீதி நேரம் குலத்தொழில் பழகட்டும் என்று 1953இல் திட்டமிட்டவர் அவர்; ஆதலின் அவர் எதிர்ப்பைப் பலர் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை.

எனினும் நடுநிலை என்று ஒன்றுண்டு. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்வு, வளர்ந்தோரின் நுரையீரல் காசத்தை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று பிற்பாடு கண்டது. பச்சிளங் குழந்தைகளை மூளைக் காய்ச்சலாய் வரும் கொடிய காசத்திலிருந்து அது காக்கிறது என்பதும் உறுதி. அதனால்தான் பிறந்தவுடன் இன்றும் குத்துகிறார்கள். தான் நம்பியதைத் தானே சோதித்து, 'இவ்வளவுதான் இதன் பயன்' என்று வெளிப்படையாய்ச் சொல்லும் துணிவு விஞ்ஞானத்துக்கு இருந்தது. எந்தச் சாத்திரமாவது இப்படித் தன்னைச் சோதித்துப் பார்த்ததாக நாம் கேட்டதுண்டா?

காசத்தைப் பற்றிச் சென்னை உலகுக்கு வழங்கிய இன்னொரு செய்தி நம் ஆசிரியர் சமுதாயத்துக்கு மிக வேண்டியது. இருமிய ஆசிரியர், தமக்குக் காசம் என்று தெரிந்தால் வேலை போகும், ஊர் ஒதுக்கும் என்று அஞ்சி மறைத்த காலம் அது. மறைத்த நோய் வகுப்பறையிலே பரவிற்று. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்தாய்வு நிலையம், நோயாளரில் ஒரு சாராரை மருத்துவமனையில் வைத்தும், மறு சாராரை அவரவர் ஏழைக் குடிசையிலேயே விட்டும் மருந்து கொடுத்தது. குணமானதில் பெரிய வேறுபாடில்லை. வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. நோயாளனை ஊருக்கு வெளியே தள்ளுவது அல்ல, மருந்தை அவன் வீட்டுக்குக் கொண்டுசெல்வதே பிறரைக் காக்கும் வழி என்று அது மெய்ப்பித்தது.

பெரியம்மையின் முடிவுக்கும் பள்ளிக்கூடம் துணை நின்றது. 1970களில் நோயைத் தேடி ஊர் ஊராய்ச் சென்ற குழுவினர், அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையொன்றைக் கையில் வைத்திருந்தனர். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் 'இங்கே ஒன்றுமில்லை' என்பார்கள். ஆத்தாளைக் காட்டிக்கொடுக்க மனம் வராது. அட்டையைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் காட்டினால், 'அந்தத் தெருவிலே, அந்த வீட்டிலே' என்று விரல் நீட்டினார்கள். முன்னே இந்தோனேசியாவில் பயன்தந்த முறை அது. 1975 மே மாதத்தோடு இந்திய மண்ணில் பெரியம்மை முடிந்தது. 1980இல் உலகிலேயே அது இல்லை என்று அறிவிக்கப்பட்டது. கோயில்கள் இருக்கின்றன, நோய் இல்லை.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்பினர். கதவை மூடுவது எளிது. மூடிய கதவுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பதே வினா. கைப்பேசி உள்ள வீட்டில் வகுப்பு நடந்தது. சேவுகம்பட்டியைச் சூழ்ந்த சிற்றூர்களைப் போன்ற இடங்களில் கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அது கிட்டாக்கனி. அரசு அதனால்தான் அவ்வாண்டு அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி, தன்னார்வலரைத் தெருத் தெருவாய் அனுப்பியது. 2022 சனவரி 3 அன்று, பதினைந்து வயது நிரம்பிய மாணவர்க்குத் தடுப்பூசி போடத் தொடங்கினர். பள்ளித் தாழ்வாரத்தில் ஒரே வரிசை. ஒரே குப்பி மருந்து பல கைகளுக்கு. யார் கையை அடுத்து யார் கை என்று எவரும் கேட்கவில்லை.

ஆனால் 2023 செப்டம்பரில், கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் சில பெற்றோர், தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் சமைத்தாள் என்பதற்காகப் பள்ளியின் காலை உணவை உண்ண வேண்டாமென்று தம் பிள்ளைகளைத் தடுத்தனர். கை கழுவினாளா, நீர் தூயதா, பாத்திரம் மூடியிருந்ததா என்று அவர்கள் கேட்டிருந்தால் நாம் பாராட்டியிருப்போம். அவர்கள் கேட்டது அது அன்று. தூத்துக்குடியில் அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் அந்தப் பள்ளிக்கே சென்று, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, அந்தப் பெண் சமைத்த உணவை உண்டனர்.