ஓரெழுத்துத் திருத்தம்

மூல ஏட்டில் உள்ளதை உள்ளவாறே படியெடுக்க வேண்டும் என்பது பதிப்பு நெறி. உயிரியலும் நெடுங்காலம் இந்நெறியையே நம்பியிருந்தது. டி.என்.ஏ. மூலம், ஆர்.என்.ஏ. அதன் படி, அப்படியின் வழியே உருவாவது புரதம். 1980களில் இதற்கு ஒன்றிரண்டு விலக்குகள் தெரியவந்தன. ஆனால் உயிர் தரிக்க ஓரெழுத்துத் திருத்தம் இன்றியமையாதது என்பதை உணர்த்தியது நம் மூளையே.

மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றைக் கிளர்த்தப் பெரிதும் பயன்படுத்தும் தூதுப்பொருள் குளூட்டமேட். அதனை ஏற்று நொடியில் திறக்கும் வாயில்களுள் ஒன்று ஆம்பா ஏற்பி. நான்கு துணையலகுகள் கூடி ஒரு வாயிலாகின்றன. 1990இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் பீட்டர் ஸீபர்க் குழுவினர் இத்துணையலகுகள் நான்கு வகைப்படும் என விவரித்தனர். அவற்றுள் இரண்டாவது இன்று குளூஏ2 எனப்படுகிறது.

வாயிலின் உட்சுவரில் ஓர் இடம். மற்ற மூன்று வகைகளில் அங்கே இருப்பது குளூட்டமின்; குளூஏ2இல் மட்டும் ஆர்ஜினைன். நேர்மின்னூட்டம் கொண்ட ஆர்ஜினைன் கால்சியம் உட்புகாமல் தடுக்கிறது. ஆனால் மரபணுவைப் பார்த்தபோது வியப்பு காத்திருந்தது: அங்கும் குளூட்டமினே எழுதப்பட்டிருந்தது! மூலம் ஒன்று கூற, படி வேறொன்று கூறியது. படியெடுத்த பின்னர் ஆர்.என்.ஏ.வில் ஓரெழுத்து மாற்றப்படுகிறது என 1991இல் அக்குழுவினர் அறிவித்தனர்.

திருத்துவது அடார்2 என்னும் நொதி. அது அடினோசினை இனோசினாக மாற்றுகிறது; புரதம் கட்டும் பொறி அதனைக் குவானோசின் என்றே வாசிக்கிறது. திருத்த வேண்டிய இடத்தை நொதிக்குக் காட்டுவது எது? பின்னர் வெட்டி எறியப்படும் இன்ட்ரான் பகுதி. அது மடிந்து வந்து அவ்விடத்தோடு இணைகிறது. பிழைதிருத்துவோருக்கான ஓரக்குறிப்பு அச்சுக்குப் போகுமுன் நீக்கப்படுவது போன்றதே இதுவும்.

ஓரெழுத்துதானே என நாம் அலட்சியம் கொள்ளலாகாது. திருத்தம் நிகழாதவாறு மரபணு மாற்றப்பட்ட எலிகள் வலிப்புற்று, பிறந்த மூன்று வாரங்களுக்குள் மடிந்தன என்று 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. 2000இல் அதன் மறுபக்கம் தெரிந்தது. அடார்2 இல்லாத எலிகளும் அவ்வாறே இறந்தன. ஆனால் அவற்றின் மரபணுவிலேயே அவ்வெழுத்தை முன்கூட்டித் திருத்தி வைத்தபோது அவை பிழைத்தன. அந்நொதி திருத்தும் இடங்கள் பலவாயினும் உயிரைத் தாங்கியது இந்த ஓரிடமே.

2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஏ.எல்.எஸ். என்னும் தசைச்சிதைவு நோயால் இறந்தோரின் தண்டுவட இயக்க நரம்பணுக்களில் இத்திருத்தம் குறைந்திருந்ததைக் கண்டனர். வாயிலில் காவல் தளர்ந்தால் கால்சியம் வெள்ளமாய்ப் புகும், அணு அழியும்.

மூலத்திலேயே சரியாக எழுதிவிட்டால் என்ன என்று நாம் கேட்கத்தான் செய்வோம். பரிணாமம் அவ்வாறு செய்யவில்லை. பிழையை மூலத்தில் நிறுத்தி, ஒவ்வொரு படியிலும் சலிக்காமல் திருத்துகிறது. இவ்வரிகளைப் படிக்கும் இக்கணத்திலும் நம் தலைக்குள் அப்பணி ஓயாது நடந்துகொண்டிருக்கிறது.