நாணயமும் மொழியும்: தென்திருவிதாங்கூர் எல்லைப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தில் தமிழக எல்லைக்கு அருகில் அமைந்த ஊர்களுள் ஆரியங்கோடும் ஒன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மாநிலச் சீரமைப்பின்போது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிலைத்தது. அதற்கு முன்னர் இவை யாவும் திருவிதாங்கூர் என்னும் ஓர் அரசின் பகுதிகள். எனவே எல்லைக்கு இருபுறமும் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய நாணயங்கள் ஒரே தன்மையன. அவற்றைத் திரட்டி இனங்காண முற்படும் ஆர்வலர், அறிந்தோ அறியாமலோ, மொழியாய்வுக்கு உரிய வினாக்களையே எதிர்கொள்கின்றனர்.

உலோகம், எடை, வடிவம், சின்னம், எழுத்து ஆகிய ஐந்தும் நாணயத்தை இனங்காணும் கருவிகள். இவற்றுள் எழுத்தே மிக உறுதியானது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் எழுத்துச் சான்று இலக்கணத்தின் வழி வாசிக்கப்படும்போதுதான் உறுதி பெறுகிறது என்பதையும், நாணயத்தின் மொழியைக் கொண்டு அது புழங்கிய நிலத்தின் மொழியை முடிவு செய்தல் பொருந்தாது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

2. பெயரும் பொருளும்

திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாயோ 28 சக்கரம் 8 காசுக்கு ஈடாக வைத்து எண்ணப்பட்டது. ஆகவே இப்பகுதியின் பழைய பத்திரங்களையும் வரிக்கணக்குகளையும் மொழிபெயர்ப்போர் 'ரூபாய்' என்னும் சொல்லை வாளா பெயர்த்துவிடல் இயலாது. எந்த ரூபாய் என்பது தெளிவாகாவிடின் ரூபாய்க்கு 8 காசு வீதம் கணக்குப் பிறழும்.

வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. குழிகள் அமைந்த பலகையில் பரப்பி, குழிக்கு ஒன்றாக நிறைத்து எண்ணும் வழக்கம் இருந்தது. இத்தகைய காசுகளில் புள்ளிகளும் கோடுகளுமே காணப்படும். வாசிக்கத்தக்க எழுத்து இராது. இங்கு ஆர்வலருக்குத் துணையாவது வழக்கிலுள்ள பெயர் மட்டுமே. அப்பெயரே சில வேளைகளில் வழிதவறச் செய்வதும் உண்டு. திருவிதாங்கூர் மரபில் 'கலியுகராயன் பணம்' என ஒரு பொற்காசு கூறப்படும். பிற்காலப் பாண்டியர் செப்புக் காசுகளில் 'கலியுகராமன்' என்னும் தமிழ் வாசகம் உண்டு. ராமன், ராயன் என்னும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது. ஒன்று எழுத்துடைய செம்பு. மற்றொன்று எழுத்தில்லாச் சிறு பொன். பெயரொற்றுமை ஆய்வுக்குத் தொடக்கமாகலாமேயன்றி முடிவாகாது.

சொற்களின் பயணமும் கருதத்தக்கது. தமிழ்க் 'காசு' போர்த்துகீசியர் வாயிலாக ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆயிற்று. அவ்வடிவிலேயே திருவிதாங்கூர்ச் செப்புக் காசுகளின்மீது ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டு, பிறந்த நிலத்துக்கே மீண்டது. 'பணம்' என்பது 'ஃபனம்' ஆகியது. 'துட்டு' டச்சு மொழியின் செப்புக் காசுப் பெயரிலிருந்து வந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் கூட்டெழுத்து முத்திரையுடைய காசுகள் இத்தென்கடற்கரையிலும் புழங்கியவை.

3. ஆண்டும் எழுத்தும்

இருபதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர்க் காசுகள் சிலவற்றில் ஆண்டு கொல்லம் ஆண்டாகவே பொறிக்கப்பட்டுள்ளது. 1114 எனக் காணும் புதியவர் அதனைக் கிறித்து ஆண்டு எனக் கருதின், சோழர் காலத்துக் காசு கையில் கிடைத்ததாக மயங்க நேரும். கொல்லம் ஆண்டு 1114 என்பது கி.பி. 1938-39 ஆகும். அக்காசிலுள்ள ஆங்கிலக் கூட்டெழுத்து, பால ராம வர்மா என்னும் அரசர் பெயரின் முதலெழுத்துகளால் அமைந்தது. ஆண்டும் பெயரும் ஒன்றையொன்று சரிபார்க்க உதவுகின்றன.

இக்காசுகளில் மதிப்பு ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பொறிக்கப்பட்டது, தமிழில் இல்லை. எனினும் நாஞ்சில் நாட்டிலும் விளவங்கோட்டிலும் தமிழ் பேசுவோர் நாள்தோறும் இவற்றைக் கொண்டே கொடுக்கல் வாங்கல் செய்தனர். காசின் எழுத்து அரசின் மரபைக் காட்டுவது. சந்தையின் பேச்சைக் காட்டுவதன்று.

4. வாசகத்தின் இலக்கணம்

பண்டைய நாணயங்களில் இவ்வுண்மை மேலும் தெளிவாகிறது. சாதவாகனர் வெளியிட்ட இருமொழி வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் திராவிட மொழியும் உள்ளன. பிராகிருதத்தின் 'ஸிரி' மறுபுறத்தில் 'திரு' ஆகிறது. 'புத' என்பது 'மகன்' என்பதன் வடிவம் பெறுகிறது. ஆறாம் வேற்றுமை உருபாகிய 'ஸ' நிற்குமிடத்தில் 'கு' வருகிறது. இம்மொழியைத் தமிழ் என்பாரும், தக்காணத்தில் வழங்கிய பிறிதொரு திராவிட மொழி என்பாரும் உளர். எவ்வாறாயினும், உடைமைப் பொருளை நான்காம் வேற்றுமை உருபால் உணர்த்தியமை மொழிபெயர்ப்பு வரலாற்றில் குறிக்கத்தக்கது. இருமொழிப் பெயர்ப்பின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஒரு சிறு காசின் இருபுறங்களில் அமைந்துள்ளது.

சங்ககாலத் தமிழ்க் காசுகளின் மரபு வேறு. நாளிதழ் ஆசிரியராகப் பணியாற்றி, தனி ஆர்வத்தால் காசுகளைத் திரட்டிய இரா. கிருஷ்ணமூர்த்தி (மறைவு: 2021) பெருவழுதிக் காசினை அறிஞர் பார்வைக்குக் கொணர்ந்தார். அவர்தம் சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய ஆங்கில நூல் 1997இல் வெளிவந்தது. பெருவழுதி, மாக்கோதை, குட்டுவன் கோதை முதலிய வாசகங்கள் எழுவாய் வடிவிலேயே நிற்கின்றன. வேற்றுமை உருபு இல்லை. இவற்றைப் 'பெருவழுதியின் காசு' என ஆங்கிலத்தில் பெயர்ப்போர், மூலத்தில் இல்லாத உடைமைப் பொருளைத் தாமே சேர்க்கின்றனர்.

சொற்பிரிப்பும் அரசமரபை மாற்றவல்லது. 'கொல்லிரும்பொறை' என வாசிக்கப்படும் சேரர் காசினை நோக்குக. கொல்லி, இரும்பொறை எனப் பிரிப்பின் கொல்லி மலையோடு தொடர்பு ஏற்படும். ஆயின் இகர ஈற்றின் முன் உயிர் வருங்கால் யகர உடம்படுமெய் தோன்றுவது பொதுவிதி. கொல், இரும்பொறை எனப் பிரிப்பின் தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்தல் இயல்பாக அமையும். அப்போது மலைக்கு இடமில்லை. எழுத்தை வாசித்த பின்னும் புணர்ச்சி விதி தீர்ப்புக்குக் காத்திருக்கின்றது.

பிற்காலப் பாண்டியரின் 'எல்லாந்தலையானான்', 'சோணாடு கொண்டான்' என்பன மற்றொரு வகை. 'ஆனான்', 'கொண்டான்' என்பவற்றை வினைமுற்றாகக் கொண்டால் அவை செய்தி கூறும் தொடர்கள். வினையாலணையும் பெயராகக் கொண்டால் பட்டப்பெயர்கள். 'சோழநாட்டைக் கொண்டான்' என்பதை நிகழ்ச்சி அறிக்கையாகப் பெயர்க்கின், காசு வெளியான ஆண்டை ஒரு படையெடுப்போடு பிணைக்கத் தூண்டும். பட்டப்பெயரோ வெற்றிக்குப் பின் பல்லாண்டு வழங்கவும் கூடும். மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கும் ஒரு வடிவம் வரலாற்றாசிரியரின் காலக்கணிப்பையே மாற்றுகின்றது.

இவற்றோடு, நாகரி எழுத்தில் 'ஸ்ரீ வீரகேரளஸ்ய' என வாசகமுடைய வெள்ளிக் காசினை ஒப்பிடுக. வடமொழி ஆறாம் வேற்றுமை உருபுடன் கேரள அரசன் பெயர் இதில் நிற்கின்றது. இடைக்கால வேணாட்டுக் கல்வெட்டுகளிலோ தமிழ் பெருவழக்காக உள்ளது. கல்லின் மொழியும் காசின் மொழியும் ஒன்றாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

5. முடிவுரை

கிடைத்த இடம் குறிக்கப்படாத காசு தன் சான்றுமதிப்பில் பெரும்பகுதியை இழக்கின்றது. புதையலை அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம் முதலாக உள்ள விதி. அதனொடு, வீட்டில் வழிவழி வந்த காசாயினும் எவ்வூரில், எப்பெயரால் வழங்கியது என்பதை அப்பேச்சு வடிவிலேயே எழுதி வைத்தல் ஆர்வலர் கடன். ஆரியங்கோடு போன்ற எல்லையூர்களில் இப்பணி விரைவுடையது. சக்கரமும் காசும் கொண்டு கணக்கிட்ட தலைமுறை மறைந்து வருகின்றது. காசு பெட்டியில் எஞ்சும், அதன் பெயர் எஞ்சாது.

ஒரு மொழியின் உரிமையை நிலைநாட்ட நாணயத்தைச் சான்றாக்கும் போக்கு எல்லைக்கு இருபுறமும் உண்டு. நாணயம் அதற்கு இடந்தருவதில்லை. அரசவை ஒரு மொழியில் எழுதியது; சந்தை மற்றொன்றில் எண்ணியது; அயலார் மூன்றாவதில் பெயரிட்டனர். இம்மூன்றையும் தனித்தனியே பதிவு செய்த பின்னரே ஒரு காசு இனங்காணப்பட்டது எனக் கூறுதல் தகும்.