புல்லியை மாற்றினால் மட்டும் போதுமா? மினி கூப்பர் எஸ் சூப்பர்சார்ஜரில் கூடுதல் பவர்

பழைய மினி கூப்பர் எஸ் வைத்திருப்பவர்களிடம் கூடுதல் பவருக்கு வழி கேட்டால், "புல்லியை மாத்துங்க" என்ற பதில்தான் முதலில் வரும். தவறான பதில் இல்லை. ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி தெரியாமல் கையை வைத்தால், ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை எஞ்சினை இறக்கும் வேலையாக மாறிவிடும்.

2002 முதல் 2006 வரை விற்பனையான, ஆர்53 என்று அறியப்படும் மாடல் இது. 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். இதற்கு அடுத்த தலைமுறை கூப்பர் எஸ் டர்போவுக்கு மாறிவிட்டது. டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழல்வது. சூப்பர்சார்ஜரோ கிராங்கிலிருந்து வரும் பெல்ட்டில் சுழல்வது. அதனால் மிதித்த உடனே இழுவை கிடைக்கும். கூடவே அந்தத் தனிச் சீழ்க்கைச் சத்தமும் வரும். இந்தக் காரை விடாமல் வைத்திருப்பவர்களில் பலர் அந்தச் சத்தத்திற்காகவே வைத்திருக்கிறார்கள்.

உள்ளே இருப்பது ஈட்டன் எம்45 என்ற ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 0.74 லிட்டர் காற்றைத் தள்ளும். எஞ்சின் ஒரு சுற்றுக்குத் தானாக இழுக்கக்கூடியது 0.8 லிட்டர்தான். கிராங்க் ஒரு முறை சுற்றும்போது சூப்பர்சார்ஜர் ஏறத்தாழ இரண்டு முறை சுற்றுவதால், 0.8 லிட்டர் கொள்ளும் இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் காற்று திணிக்கப்படுகிறது. அந்தத் திணிப்பைத்தான் பட்டறைகளில் பூஸ்ட் என்கிறார்கள்.

சூப்பர்சார்ஜர் பக்கத்துப் புல்லியைச் சிறிதாக்கினால் அது இன்னும் வேகமாகச் சுழலும். கடைகளில் அதிகம் பேசப்படுவது 15 விழுக்காடு சிறிய புல்லி. வேகம் 15 விழுக்காடு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றை 0.85ஆல் வகுத்தால் 1.176 வருகிறது, கூடுவது 17 விழுக்காட்டுக்கும் மேல். எஞ்சின் உச்ச வேகத்தில் ஓடும்போது இந்த வித்தியாசம் சின்னதல்ல. 17, 19 விழுக்காடு புல்லிகளும் கிடைக்கின்றன. அன்றாடம் சாலையில் ஓடும் காருக்கு, அதுவும் நம் வெயிலில், அவை தேவையற்ற வம்பு.

வெயிலைச் சொல்லக் காரணம் இருக்கிறது. காற்றை நெருக்கினால் அது சூடாகும். சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரூட்ஸ் வகை காற்றைத் தனக்குள்ளே படிப்படியாக அமுக்குவதில்லை, அப்படியே அள்ளி முன்னால் தள்ளுகிறது. அதனால் நல்ல இரட்டைத் திருகு வகையைவிடச் சூட்டை அதிகம் கிளப்பும். வெளிக்காற்று 32 பாகை செல்சியஸ், பூஸ்ட் 0.8 பார், சூப்பர்சார்ஜரின் செயல்திறன் 60 விழுக்காடு என்று வைத்துக் கணக்குப் போட்டால், வெளிவரும் காற்றின் வெப்பம் 125 பாகையை ஒட்டி நிற்கும். பூஸ்டை 1 பாருக்கு ஏற்றினால் 140ஐத் தாண்டும். இந்தக் காற்றை ஆற்ற வேண்டிய இண்டர்கூலரோ எஞ்சினின் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. போனட்டில் உள்ள வாய் வழியாகக் காற்று புகுந்தால்தான் அதற்கு வேலை. மாலை நேர நெரிசலில் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் காருக்கு எங்கிருந்து காற்று வரும்?

சூடான காற்று சிலிண்டருக்குள் போனால் பெட்ரோல் கலவை நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கப் பார்க்கும். எஞ்சின் தட்டும் சத்தம் அதுதான். தட்டலை உணரும் சென்சார், பிளக் தீப்பொறியைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். அப்படிப் பின்தள்ளும்போது பவர் குறையும். ஆக, பணம் கொடுத்து ஏற்றிய பவரை கம்ப்யூட்டரே திருப்பி எடுத்துக்கொள்ளும். சென்சாருக்கும் தாங்காத அளவு தட்டினால் பிஸ்டன் போய்விடும். புல்லி மாற்றிய காருக்கு ரோன்95 ஊற்றிப் பணம் மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல. ரோன்97 அல்லது அதற்கு மேல்தான் ஊற்ற வேண்டும். ஒரு படி குளிர்ந்த ரகப் பிளக்கும் போட வேண்டும்.

தயாரிப்பாளர் தரப்பிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆரம்பகால கூப்பர் எஸ் 163 குதிரைத்திறன் கொண்டது. ஜான் கூப்பர் வொர்க்ஸ் பெயரில் வந்த மேம்பாட்டுத் தொகுப்பு அதை 200க்குக் கொண்டுபோனது. அதிலும் சிறிய புல்லி உண்டு. ஆனால் அதோடு சூப்பர்சார்ஜரின் சுழலிகளுக்குப் பூச்சு, திருத்திய சிலிண்டர் ஹெட், மாற்றிய எக்ஸாஸ்ட், புதிதாக எழுதிய கம்ப்யூட்டர் நிரல் எல்லாமே சேர்ந்துதான் வந்தன. புல்லியைக் கழற்றுவதற்கு முன் ஒருமுறையும் வேலை முடிந்தபின் ஒருமுறையும் டைனோவில் ஏற்றி, பவரோடு காற்று-பெட்ரோல் விகிதத்தையும் அளந்து காட்டும் பட்டறையை நம்பலாம். "ஓட்டிப் பாருங்க, தெரியும்" என்பது அளவு அல்ல.

வேலையிலும் கவனம் வேண்டும். பழைய புல்லி தண்டில் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டது. அதற்கென்று இழுப்பான் இருக்கிறது. சுத்தியலால் தட்டினாலோ நெம்பினாலோ தண்டும் பேரிங்கும் கெடும். புல்லி சிறிதானால் பெல்ட் அதைச் சுற்றிப் பிடிக்கும் இடமும் குறையும். தேவைப்பட்டால் நீளம் குறைந்த பெல்ட் போட வேண்டும். டென்ஷனர் தளர்ந்திருந்தால் கெந்திங் ஏற்றத்தில் பெல்ட் வழுக்கி, பூஸ்ட் இறங்கிவிடும்.

பலரும் மறப்பது தண்ணீர்ப் பம்பை. இந்த எஞ்சினில் தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவதே சூப்பர்சார்ஜர்தான், அதன் முனையில் உள்ள பற்சக்கரங்கள் வழியாக. அந்தப் பற்சக்கரங்களுக்கான எண்ணெய், எஞ்சின் எண்ணெயோடு சேராமல் தனியாக அடைக்கப்பட்டது. வழக்கமான சர்வீஸ் அட்டவணையில் அதை மாற்றச் சொல்வதில்லை. இன்று இந்தக் கார்கள் இருபது வயதை ஒட்டியவை. எண்ணெய் வற்றிப் பற்கள் தேய்ந்தால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் எஞ்சின் கொதிக்கும். சிறிய புல்லி பம்பையும் சேர்த்தே வேகமாகச் சுழற்றுவதால் இந்தத் தேய்மானம் முந்திக்கொள்ளும். ஆகவே புல்லிக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு இந்த எண்ணெய்க்கும், பற்சக்கரங்களைத் திறந்து பார்ப்பதற்கும்தான் போக வேண்டும். பற்கள் தேய்ந்திருந்தால் புல்லி வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, சூப்பர்சார்ஜரைப் புதுப்பிப்பதுதான் முறை. புதுப்பித்த சூப்பர்சார்ஜர் பழைய புல்லியோடு ஓடினாலே, தேய்ந்து போனதால் இழந்த இழுவை திரும்பக் கிடைப்பதுண்டு.

சாலையில் ஓட்டும் காரின் எஞ்சின் திறனைக் கூட்டும் முன் ஜேபிஜேயின் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போதுதான் வெளியே வரும். கழற்றிய பழைய புல்லியையும் பெல்ட்டையும் பட்டறையிலேயே விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்து வரவும். எஞ்சின் தட்ட ஆரம்பித்தால் திரும்பப் பொருத்த அவைதான் கைகொடுக்கும்.