லேண்ட் ரோவரும் கறுப்பு ஒயரும்



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களில் லேண்ட் ரோவரை அறியாதவர் அரிது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த வண்டி அது. அதே ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது; துரைமார் சிலர் இரும்புத் தகடு பொருத்திய லேண்ட் ரோவரில் தோட்டம் சுற்றினர். அது பலரும் சொன்ன கதை. நாம் இன்று பார்க்கப்போவது அதன் மின்கம்பிகளின் கதை.

போர் முடிந்த பிரிட்டனில் உருக்குக்குப் பஞ்சம். ஆகவே சட்டத்தை உருக்கிலும், உடற்பகுதியைப் பெரும்பாலும் பிர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவையிலும் செய்தார்கள். மின்சாரம் விளக்குக்குப் போகத்தான் தனி ஒயர். திரும்பிவர வண்டியின் உலோகமே பாதை. உருக்கு ஆணியும் அலுமினியமும் சேருமிடத்தில் ஈரம் புகுந்தால், அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளை மாவாகப் பூக்கும். அம்மாவு மின்சாரத்தைக் கடத்தாது. நம் நாட்டு மழைக்குச் சொல்லவும் வேண்டுமா?

ஓரிரவு, பிரசவ வேதனையிலிருந்த பெண்ணைப் பழைய லேண்ட் ரோவரில் ஏற்றிக்கொண்டு போனோம். இடப்பக்க விளக்கு முன்பே பழுது. பாதி வழியில் வலப்பக்க விளக்கும் மின்மினியாய் மங்கிவிட்டது. பல்பை மாற்றியும் பயனில்லை. சிக்னலைப் போட்டதும் அருகிலிருந்த சிறு விளக்கும் கூடவே மினுக்கியது. "எர்த் போச்சுங்க சார்!" என்றார் டிரைவர். திரும்பும் பாதை அடைபட்டால் மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியே புகுந்து வெளியேறப் பார்க்கும். நாங்கள் டார்ச் பிடிக்க, அவர் கறுப்பு ஒயரின் ஆணியைக் கழற்றிக் கத்தியால் சுரண்டி முடுக்கினார். வெளிச்சம் வந்தது. ஆஸ்பத்திரி சேர்ந்த பிறகுதான் குழந்தை பிறந்தது.

கறுப்பு எர்த், பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி வழி வருவது, சிவப்பு சிறு விளக்கு, நீலம் முகப்பு விளக்கு. லூக்காஸ் நிறுவனத்தின் இந்த நிற வரிசை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. தொடக்கத்தில் இவ்வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டது. 1967இல்தான் எதிர்முனைக்கு மாற்றினார்கள். இதறியாமல் எங்கள் கிராணியார் பழைய வண்டியில் டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பொருத்தினார். ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை; புகைதான் வந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து, சட்டத்தில் முடுக்கியிருப்பது எந்த முனை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.